சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொன்ன வகுப்பு

மதிப்பும் மரியாதையும் மிக்க அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் உடம்பளவில் நலம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் ஓரளவு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இதற்குக் கீழே இருப்பதெல்லாம் வயிற்றெரிச்சல் என்பதால், சாப்பிட்டுவிட்டுப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இது எல்லாமே உங்களால் வந்தது, அத்தான். குற்றம் சாட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. குற்றம்தான் சாட்டுகிறேன். ஜனங்கள் எல்லாரும் போனிலேயே டிக்கெட் எடுக்கப் பழகி நான் டிக்கெட் கவுண்டரில் இருந்த பயண ஏஜென்சியை இழுத்து மூடியபோது, நான் பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் தொந்தரவில்லை. அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். எங்கள் சோபாவில் காலை மடித்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஊரையே வரிசையில நிக்க வெச்சவன் நீ. பொடிப் பசங்களைச் சமாளிக்க மாட்டியா? வாத்தியார் வேலைக்குப் படி. லீவும் நெறைய, மரியாதையும் நெறைய" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள். நான் மாட்டிக்கொண்டேன். உங்கள் தலை தெருமுனையைத் தாண்டுவதற்குள் என் மனைவி பயிற்சிக் கல்லூரிக்குப் போன் போட்டுவிட்டாள்.

கல்லூரியில் என்னோடு படிப்பவர்கள் எல்லாம் என் தலைமுடி கொட்டத் தொடங்கிய வருஷத்தில் பிறந்தவர்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும், ஏமாற்றிவிட்டேன் என்பதுபோல் பார்த்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். என் மனம் வளர்வதை நிறுத்தி எத்தனையோ காலத்துக்குப் பிறகு, குழந்தைகளின் மனவளர்ச்சி பற்றிப் பரீட்சை எழுதினேன். அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகுதான் வகுப்பறைக் கவனிப்பு என்று ஒன்று வந்தது. ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போக வேண்டும், ஒரு நல்ல ஆசிரியரின் வகுப்பில் ஓரமாக உட்கார வேண்டும், பார்க்க வேண்டும், வர வேண்டும். "நீங்க எதுவும் செய்ய வேண்டாம் சார், சும்மா உக்காந்து பாருங்க, போதும்" என்றார் விரிவுரையாளர். சும்மா உட்கார்ந்திருப்பதில் எனக்கு அப்போது நல்ல அனுபவம் இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்தது ஒரு தனியார் பள்ளியின் இரண்டாம் வகுப்பு. போனதும் ஒரு நாற்காலியைக் காட்டினார்கள். அது ஏழு வயசு உடம்புக்குச் செய்தது. நான் உட்கார்ந்தபோது என் முழங்கால் என் தாடையை இடித்தது. எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைக் கழற்ற மூன்று குழந்தைகள் பின்னாலிருந்து இழுத்தார்கள், ஒரு குழந்தை முன்னாலிருந்து என்னை ஊக்கப்படுத்தியது. அந்த ஊக்கக்காரிக்கு வகுப்பில் மைக்செட் என்று பெயர். காரணம் கேட்க வேண்டியதில்லை. அவள் பேசினால் பக்கத்துக் கட்டடத்தில் பதில் சொல்வார்கள்.

"மாமா, நீங்க ஃபெயிலா?" என்றாள்.

"இல்லம்மா. டீச்சர் ஆகறதுக்குப் படிச்சிட்டிருக்கேன்."

"இவ்ளோ வயசு வரைக்குமா?"

அத்தான், பயண ஏஜென்சி முதலாளி என்னை வெளியே அனுப்பியபோதுகூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

வகுப்பாசிரியை கட்டையான உருவம், கரகரத்த குரல், கையில் எப்போதும் சாக்பீஸ் தூள். பார்த்தால் பெரிய ஆளாகத் தெரியாது. நானும் முதல் நாள் அப்படித்தான் எடைபோட்டேன். அன்றைக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்கள் பாடம். புத்தகத்தைத் திறப்பார் என்று பார்த்தால், "எல்லாரும் ஷூவைக் கழட்டுங்க" என்றார். நடு வகுப்பில் ஷூக்கள் ஒரு குவியலாக விழுந்தன. குழந்தைகள் அதற்குள் பாய்ந்து ஜோடி சேர்த்தார்கள். அடிதடி, சிரிப்பு, நாற்றம். "ஜோடி கிடைச்சதெல்லாம் ரெட்டை. கிடைக்காதது ஒத்தை" என்றார் டீச்சர். பிரச்சினை என்னவென்றால் எல்லாவற்றுக்குமே ஜோடி கிடைத்துவிட்டது. ஒற்றைக்கு ஆள் இல்லை. உடனே வகுப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. என் வலது ஷூ போய்விட்டது. உள்ளே இருந்த சாக்ஸில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "மாமாவோட கட்டைவிரலும் ஒத்தைதான் டீச்சர்!" என்று மைக்செட் அறிவித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. "சரியா சொன்னே. அந்த விரலுக்கு ஜோடி எங்கே இருக்கு?" என்று கேட்டார். குழந்தைகள் என் இடது ஷூவையும் கழற்றினார்கள்.

நான் கொதித்துப்போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை என்னவென்றால், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஜோடி தேடிக்கொண்டே போனேன். கதவுக்கு இரண்டு பக்கம், சைக்கிளுக்கு இரண்டு சக்கரம், ஆட்டோவுக்கு மூன்று. என் மனைவி கதவைத் திறந்ததும், "ஏன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க?" என்றாள். எனக்கே தெரியவில்லை.

இப்படியே போனது. ஒருநாள் நீள அளவுப் பாடம். ஸ்கேலே இல்லாத நாட்டில் இருந்தால் எப்படி அளப்பீர்கள் என்று டீச்சர் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஒருத்தன் கையால் அளந்தான், ஒருத்தி பென்சிலால் அளந்தாள், மைக்செட் மட்டும், "மாமாவைப் படுக்க வெச்சு அளக்கலாம் டீச்சர்!" என்றாள். நான் டீச்சரைப் பார்த்தேன். ஒரு பெரிய மனுஷி இதைத் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர், "மாமாவைக் கேட்டுக்கங்க" என்றார். அத்தனை முகங்களும் கேட்டன. படுத்தேன். என் தலைக்கு ஒரு கோடு, காலுக்கு ஒரு கோடு. எழு, நகர், படு. வகுப்பறை நாலு மாமா நீளம் இருந்தது. அதோடு விட்டார்களா? தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு கூட்டம் ஒன்பது மாமா என்றது, இன்னொரு கூட்டம் பத்து மாமா என்றது. சண்டை வந்துவிட்டது. டீச்சர் உட்கார்ந்து, "ஒரே மாமா, ஒரே தாழ்வாரம். எப்படி ரெண்டு விடை வந்துச்சு?" என்றார். ஒவ்வொருத்தரும் யோசிப்பது தெரிந்தது. அத்தான், குழந்தைகள் யோசிப்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கவுண்டரில் நின்ற பெரியவர்களிடம்கூடப் பார்த்ததில்லை. கடைசியில் பின்னாலிருந்து ஒரு சன்னக் குரல், "மாமா உயிரோட இருக்கார் டீச்சர். மூச்சு விடறார். அதான் அளவு மாறுது" என்றது. டீச்சர் சட்டென்று எழுந்தார். "அப்போ நமக்கு எப்படிப்பட்ட அளவுகோல் வேணும்?" என்றார். "மூச்சு விடாதது!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. அப்போதுதான் அவர் ஸ்கேலை வெளியே எடுத்தார். ஏதோ புதையலைப் பார்ப்பதுபோல் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

நான் இன்னும் தாழ்வாரத்தில் மல்லாந்து கிடந்தேன். என் தலைமாட்டில் இரண்டு பளபளப்பான செருப்புகள் வந்து நின்றன. தலைமையாசிரியை. "உடம்பு சரியில்லையா சார்?" என்றார். "நான் ஸ்கேல் மேடம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தலையாட்டலை நான் அப்போதே சரியாகப் படித்திருக்க வேண்டும்.

அந்த டீச்சர் கத்தவே மாட்டார். சத்தம் அதிகமானால் இவர் குரலை இறக்குவார். இன்னும் அதிகமானால் இன்னும் இறக்குவார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே குழந்தைகள் ஒருத்தரை ஒருத்தர் அடக்கிக்கொள்வார்கள். இதைப் பார்த்ததும், ஃபூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்ச நேரம் வகுப்பெடுக்க வாய்ப்பு வந்தபோது அதே வித்தையைக் காட்டினேன். நாளின் பகுதிகள் பற்றிய பாடம். காலை, மதியம் என்று மெல்லிய குரலில் ஆரம்பித்தேன். யாரும் திரும்பவில்லை. குரலை இறக்கினேன். ஒருத்தன் மேஜைக்கு அடியில் போனான். இன்னும் இறக்கினேன். பாடத்தில் சாயங்காலத்தை நெருங்கும்போது என் உதடு மட்டும்தான் அசைந்துகொண்டிருந்தது. மைக்செட் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து, "தொண்டை கட்டிடுச்சா மாமா? குடிங்க" என்றாள். டீச்சர் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவமானம் பொறுக்க முடியாமல், எனக்குள் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்த டிக்கெட் கவுண்டர்க்காரன் எழுந்துவிட்டான். "எல்லாரும் வரிசையில வாங்க! தள்ளாதீங்க! வரிசையில வராதவங்களுக்குக் கிடையாது!" என்று அடித்தொண்டையில் ஒரு கத்தல்.

என்ன கிடையாது என்று எனக்கே தெரியாது. ஆனால் குழந்தைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, கை கட்டி, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல். மைக்செட்டின் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. அதைக்கூட அவள் குனிந்து எடுக்கவில்லை. சரியாக அந்த நேரத்தில் ஜன்னலோரமாகத் தலைமையாசிரியை போனார். நின்றார். பார்த்தார். முகம் மலர்ந்தது.

அன்று மாலை என்னை அறைக்கு அழைத்து டீ கொடுத்தார். நல்ல டீ. நல்ல மனுஷியும்கூட, அதுதான் கொடுமை. "எப்படி சார் இருக்கு எங்க வகுப்பு? வெளியாள் கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு தெரிஞ்சுக்க ஆசை" என்றார். அத்தான், என் வாயை யாராவது தைத்திருக்கக் கூடாதா? ஏஜென்சியை மூடியதிலிருந்து என்னிடம் யாரும் கருத்துக் கேட்டதே இல்லை. வீட்டில் என்ன சமைப்பது என்றுகூடக் கேட்பதில்லை. கொட்டித் தீர்த்துவிட்டேன். ஷூ குவியல், தாழ்வாரம், ஒருநாள் மழை பெய்தபோது ஜன்னலைத் திறந்துவிட்டுச் சத்தத்தை மட்டும் வைத்து மழை எவ்வளவு என்று கணிக்கச் சொன்னது, குழந்தைகள் மணி அடித்தும் வீட்டுக்குப் போக மறுத்தது. "மேடம், நான் வந்ததிலிருந்து அவங்க புத்தகத்தையே திறக்கல மேடம்! புத்தகம் இல்லாமலே அத்தனையும் புரிய வைக்கறாங்க!" என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

"புத்தகத்தையே திறக்கலையா?" என்றார்.

"திறக்கவே இல்ல மேடம்!"

"மழையில ஜன்னலைத் திறந்தாங்களா?"

"எல்லா ஜன்னலையும்!"

இன்னொரு டீ சொன்னார். அதையும் குடித்தேன்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை போனால் வகுப்பில் டீச்சர் இல்லை. குழந்தைகள் மட்டும் இருந்தார்கள். கேட்டால், டீச்சரைப் பழைய மேஜை நாற்காலி போட்டிருக்கும் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள், நிர்வாகம் கேட்டிருக்கும் கேள்விக்குப் பதில் சொல்லும்வரை வகுப்புக்குப் போகக் கூடாதாம். என்ன குற்றம் என்று தலைமையாசிரியையிடம் ஓடினேன். சில பெற்றோர் முன்பே முறையிட்டிருந்தார்களாம், பிள்ளைகள் பள்ளியில் விளையாடிவிட்டு வருகிறார்கள் என்று. நிர்வாகம் நம்பவில்லையாம். நடுநிலையான ஒரு வெளியாள் கூடவே உட்கார்ந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் நம்பியதாம்.

"யார் மேடம் அந்த வெளியாள்?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் என் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்கதானே சார் சொன்னீங்க."

"நான் பாராட்டிச் சொன்னேன் மேடம்!"

"பாராட்டியோ திட்டியோ, நடந்தது நடந்ததுதானே. எனக்கும் அந்த வகுப்பு பிடிக்கும் சார். ஆனா பெத்தவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்? ஷூ எண்ணிட்டிருக்காங்கன்னா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க வகுப்பையும் பார்த்தேன். ஒரு சத்தத்துக்கு எப்படி வரிசையா நின்னாங்க! அந்த வகுப்பை நீங்களே எடுத்துக்கங்க. இப்போதைக்குத் தற்காலிகமா. படிப்பு முடிஞ்சதும் நிரந்தரம் பண்ணிடலாம்" என்றார்.

அங்கிருந்து அந்த நாற்காலி அறைக்குப் போனேன். டீச்சர் உடைந்த பெஞ்சு ஒன்றில் கையில் இல்லாத தூளைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாக்பீஸே தொடாத அன்றைக்கும் கையைத் தட்டினார்.

"நான் உங்களைப் பத்தி நல்லதைத்தான் டீச்சர் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். ஒண்ணு விடாம சொன்னீங்களாம்."

"அவங்க இப்படிப் பண்ணுவாங்கன்னு..."

"சார், இந்த வகுப்பு இத்தனை வருஷமா எப்படி ஓடுச்சுன்னு நெனைக்கறீங்க? பார்த்தவங்க யாரும் வெளியே சொல்லல. பிடிச்சிருந்தா ரசிச்சிட்டு வாயை மூடிக்கிட்டுப் போயிடுவாங்க." மறுபடியும் கையைத் தட்டிக்கொண்டார். "உங்களை நான் தப்பு சொல்லல. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அதுதான் என் கேடு."

அவர் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். வெளியே வரும்போது மைக்செட் வழியில் நின்றிருந்தாள். அன்றைக்கு மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர் எப்ப மாமா வருவாங்க?" தெரியாது என்றேன். "உங்களுக்குத் தெரியாதா, இல்ல சொல்ல மாட்டீங்களா?" என்றாள். அத்தான், இந்த வயசில் இந்த வித்தியாசம் தெரிகிற பிள்ளைகளை அந்த அம்மாள் உருவாக்கி வைத்திருக்கிறார். அதற்குத்தான் தண்டனை.

நேராகத் தலைமையாசிரியை அறைக்குத் திரும்பினேன். உட்காரவில்லை. "மேடம், உங்க பள்ளிக்கூடத்துல ஒரே ஒரு வகுப்பு உயிரோட இருந்துச்சு. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதையே சாட்சியாக்கி அதை மூடிட்டீங்க. அந்த நாற்காலியில என்னை உட்காரச் சொல்றீங்க. எனக்கு வேலை இல்லதான், வெட்கமும் இல்லைன்னு நெனைச்சிட்டீங்களா? டீச்சரை வகுப்புக்கு அனுப்புங்க, இல்லேன்னா நான் சொன்னது அத்தனையும் பாராட்டுதான்னு ஒவ்வொரு பெத்தவங்க வீட்டுக்கும் போய்ச் சொல்லுவேன்!" என்று சொல்லிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் நடக்கும்போது எனக்கு இருபது வயசு குறைந்திருந்தது.

ஆகவே அத்தான், வாத்தியார் வேலை என்ற அந்த யோசனையை உங்களிடமே திருப்பித் தருகிறேன். பயிற்சியை இத்துடன் நிறுத்திவிட்டேன். உங்கள் நண்பரின் கிடங்கில் சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒருமுறை சொன்னீர்கள் அல்லவா, அந்த இடம் இன்னும் காலியாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மூட்டைகளைப் பற்றி நான் எவ்வளவு புகழ்ந்து பேசினாலும் மூட்டைகளுக்குக் கெடுதல் வராது.

உங்கள் மூட்டுகள் பலம் பெறவும், அக்காவின் சொல் உங்கள்மேல் மென்மையாக விழவும், பிள்ளைகள் தாங்கள் நினைத்ததைப் படித்து நீங்கள் நினைத்ததைச் செய்யாமல் சுகமாக இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். என் மனைவியும் வணக்கம் சொல்லச் சொன்னாள்.

என்றும் உங்கள் சொல்லைக் கேட்டுக் கெட்ட,
மைத்துனன்

பி.கு.: மேலே நான் தலைமையாசிரியையிடம் சொன்னதாக எழுதியிருப்பதை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிக நன்றாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். அறைக்குள் நான் சொன்னது, "எப்ப மேடம் சேரணும்?" என்பது மட்டும்தான். வீட்டில் வேலை இல்லாமல் இன்னொரு மழைக்காலம் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது, அத்தான். நான் சேர்ந்ததற்கு இதைவிட நல்ல காரணம் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. கிடங்கு வேலைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம். பெற்றோர் யார் வீட்டுக்கும் நான் போகவில்லை. டீச்சர் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அப்போது வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் எழுந்து பார்க்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகுப்பு இப்போது புத்தகத்தில் சரியான பக்கத்தில் இருக்கிறது. பெற்றோருக்குத் திருப்தி. என் மனைவி என் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருக்கிறாள், பாடிக்கொண்டே. அக்கா இந்தக் கடிதத்தைக் கேட்டால், என் கையெழுத்து வரைக்கும் காட்டுங்கள். "என் தம்பி அப்படிச் சொன்னானா!" என்று அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். அதற்குக் கீழே இருப்பதை மடித்துக் கிழித்துவிடுங்கள்.